செல்லியம்மன் ஏறிப்போன மலை

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் போனால் சிறுவாச்சூர். அங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி என்று இரண்டே நாள்தான் திறக்கும்; விசேஷ நாள்கள் தனிக்கணக்கு. மற்ற நாள்களில் அம்மன் எங்கே என்று கேட்டால், எதிரே தெரியும் பெரியசாமி மலையைக் காட்டுவார்கள். அங்கே செல்லியம்மனோடு இருக்கிறாளாம்.

இதற்கு ஒரு கதை உண்டு. சிறுவாச்சூர் முதலில் செல்லியம்மனின் ஊர். மந்திரவாதி ஒருவன் தன் வித்தையால் அவளைக் கட்டிப்போட்டு ஏவல் வாங்கிக்கொண்டிருந்தான். மதுரையை எரித்த கோபத்தோடு வந்த காளி, ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டாள். செல்லியம்மன் தன் சங்கடத்தைச் சொன்னாள். காளி அவனைத் தீர்த்துக்கட்டினாள். இதுவரை எல்லா அம்மன் கதையிலும் வருவதுதான். அடுத்து நடந்ததுதான் வேறு எங்கும் எளிதில் கிடைக்காதது. “இனிமேல் இந்த இடம் உனக்கு” என்று சொல்லிவிட்டுச் செல்லியம்மன் மலைக்கு ஏறிப் போய்விட்டாள். கேட்டது ஒன்றுதான்: பூசையில் முதல் மரியாதை தனக்கு வேண்டும். காளியும் ஒப்புக்கொண்டாள். அதோடு விடவில்லை, வாரத்தில் ஐந்து நாள் மூத்தவளோடு போய் இருக்கிறாள்.

குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஊறவைத்த அரிசியைக் கோயில் வளாகத்திலேயே உரலில் போட்டு இடித்து மாவிளக்கு போடுவது வழக்கம். உலக்கை பிடித்துப் பழகாத மருமகள் இரண்டு குத்து குத்திவிட்டுக் கையைப் பார்த்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாயிக்கு எழுந்து நிற்கவே இன்னொருவர் கை வேண்டும். ஆனால் மாவைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ரெண்டு குத்து போடு, வெல்லம் இப்பப் போடாத என்று சொல்வது அவர்தான். அந்த அரைமணி நேரம் குடும்பத்தில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. பிறகு கார் கிளம்பிவிடும். அப்பாயி ஊரில் இறங்கிக்கொள்வார்.

முதியவர்களைப் பற்றி இன்று நடக்கும் பேச்செல்லாம் அந்த இறங்குமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது. யார் பார்த்துக்கொள்வது, யார் பணம் அனுப்புவது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. நியாயமான கேள்விகள்தாம். ஆனால் உரலடியில் கிடைத்த அதிகாரம் கார் கதவைச் சாத்தியதும் எங்கே போயிற்று என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு மனிதருக்கு வயதாவது எதற்காக? இடம் விடுவதற்கா, இடம் பிடித்துக்கொண்டு இருப்பதற்கா? சிறுவாச்சூர்க் கதை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது.

முதலில் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் 10.4 பேர், நாட்டுச் சராசரி 8.6. கேரளத்தைப் போலவே முதியவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒன்றிய அரசின் வல்லுநர் குழு போட்ட கணிப்பின்படி 2036இல் இந்த விகிதம் 20.8 ஆகும். அதாவது பந்தியில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஒருவர் முதியவர். பிள்ளை பெறுவது குறைந்துவிட்டது, ஆயுள் கூடிவிட்டது. இரண்டும் தமிழ்நாடு விரும்பிச் செய்த காரியங்கள். இதைப் பேராபத்து என்று கூவுகிறவர்கள், பாட்டி 45 வயதில் செத்துப்போன காலத்தைத் திரும்பக் கேட்கிறார்களா என்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டும் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001இல் தனியானது, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது, 2007இல் மறுபடி பிரிந்தது. பாகப்பிரிவினையில் மனசு மாறும் குடும்பம் போல. 2011இல் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223, மாநிலத்திலேயே குறைவு. அரியலூரில் 7,54,894. இரண்டிலும் ஆயிரம் ஆண்களுக்கு ஆயிரத்துக்கும் மேல் பெண்கள். பெண்கள் அதிகநாள் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் கணவனை இழந்தபின் வாழ்கிறார்கள். இங்கே முதுமையின் முகம் பெரும்பாலும் ஓர் அம்மாயியின் முகம்.

அந்த அம்மாயி சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரம்பலூர் சின்ன வெங்காயச் சீமை. வெங்காயத்தைப் பிடுங்கிக் காயவைத்துத் தாள் நறுக்கிப் பட்டறை போட்டு விலை ஏறும்வரை காப்பாற்றுகிறார்கள். தாள் நறுக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால், கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் வரிசையில் பாதிக்குமேல் நரைத்த தலைகள். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. கொட்டையை உடைக்கும்போது வடியும் எண்ணெய் விரலைக் கறுப்பாக்கிப் பொத்தலாக்கும். இப்படி அறுபது வருஷம் வெங்காயமும் பருத்தியும் முந்திரியும் தொட்ட விரலை ரேஷன் கடையில் கருவியின்மேல் வைத்தால், “ரேகை விழல ஆயா, துடைச்சிட்டு இன்னொருவாட்டி வை” என்று பதில் வருகிறது. உழைத்ததற்கான அடையாளம் மிச்சமில்லாமல் போனது உழைத்ததால்தான். 2025 ஆகஸ்டில் அரசு ‘தாயுமானவர்’ என்ற பெயரில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியது. பேருக்கு ஏற்ற திட்டம். தாயுமானவர் கோயில் இந்த மக்கள் அடிக்கடி போகிற திருச்சி மலையில்தான் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, சிவனே தாய் வேஷத்தில் வந்து பார்த்துக்கொண்டார் என்பது அதன் புராணம்.

அரசின் கை இதில் இன்று நேற்று நீண்டதல்ல. மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் ஆயிரம் ஆனது, 2023 ஆகஸ்டில் 1,200. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீடு தேடிப்போய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் வந்தது. இவை எல்லாம் பெரிய விஷயங்கள். மகன் துபாயிலோ திருப்பூரிலோ இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு மாதம் ஒருமுறை வாசலில் வந்து “எப்படி இருக்கீங்க பாட்டி” என்று கேட்கும் ஒரே ஆள் மாத்திரைக்காரப் பெண்ணாகவும் இருக்கலாம்.

இனி மதங்கள் என்ன சொல்கின்றன என்பதற்கு வரலாம். இந்த இரண்டு மாவட்டத்திலும் அதற்குப் பஞ்சமில்லை.

கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். தந்தை சொல் கேட்டுத் தாயின் தலையை வெட்டிய பரசுராமர், அந்தப் பழி நீங்க வழிபட்ட இடம் இது என்பது தலபுராணம். கதையில் தாய் உயிரோடு எழுந்துவிடுகிறாள். வெட்டச் சொன்னவரே தந்தைதான். ஆனாலும் பழி தீரவில்லை. உத்தரவு இருந்தது, நிலைமை சரியில்லை, வேறு வழி தெரியவில்லை என்ற எந்தச் சமாதானமும் அங்கே செல்லுபடியாகவில்லை. தாயைக் கைவிடுகிறவன் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம் என்பதையும், உண்மையாக இருந்தாலும் பாரம் இறங்காது என்பதையும் இந்தக் கதை அறிந்திருக்கிறது.

இஸ்லாம் இன்னும் நுட்பமாகப் போகிறது. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகள் நிறைந்த லப்பைக்குடிகாட்டில், ஜும்ஆ உரையில் எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கும் செய்தி அது: முதுமை அடைந்த பெற்றோரைப் பார்த்துச் சலிப்பின் சிறு ஒலியைக்கூட எழுப்பக் கூடாது என்கிறது குர்ஆனின் 17ஆம் அத்தியாயம். சோறு போடு, பணம் கொடு என்பதோடு நிற்காமல், தொண்டையிலிருந்து வரும் மூச்சுவரைக்கும் போய் நிற்கிறது. வீடியோ காலில் மூன்றாவது தடவையாக “என்னத்தா, கேக்குதா” என்று அம்மா கேட்கும்போது மறுமுனையில் எழும் பெருமூச்சு, அதுதான் அந்த இடம்.

வீரமாமுனிவர் தங்கி ஊழியம் செய்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குப் போகிறவர்களுக்கு மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் தெரிந்திருக்கும். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். கோயிலுக்கு எழுதியாயிற்று, அம்மாவுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. இது பாலஸ்தீனத்தில் மட்டும் நடந்த கதையா? கும்பாபிஷேகக் கல்வெட்டில் பெரிய எழுத்தில் பெயர் போட்டுக்கொண்டவரின் தாயார், அதே ஊரில் பக்கத்து வீட்டுக் குழம்பை எதிர்பார்த்திருப்பதைப் பார்க்காத கிராமம் தமிழ்நாட்டில் இல்லை. வள்ளுவர் இல்லறத்தானின் கடமைகளை வரிசைப்படுத்தும்போது மறைந்த முன்னோரை முதலில் வைக்கிறார். ஆடி அமாவாசைக்குக் கொள்ளிடக் கரையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த வரிசையை நாம் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது தெரியும். மறைவதற்கு முந்தைய பத்து வருஷம்தான் யார் கணக்கிலும் வரவில்லை.

ஆகவே, பிள்ளைகளின் கடமை என்ற பக்கத்தில் எல்லா மதமும் ஒரே குரலில்தான் பேசுகிறது. அதில் தத்துவச் சிக்கல் அதிகமில்லை. சொன்னதைச் செய்யாததுதான் சிக்கல். சிக்கலானது மறுபக்கம். முதியவர்களின் கடமை என்ன?

இங்கே இரண்டு கதைகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கவேண்டும். மகாபாரதத்தின் யயாதி, சாபத்தால் வந்த மூப்பைத் தாங்கமாட்டாமல் பிள்ளைகளைக் கூப்பிட்டு, என் கிழட்டுத்தனத்தை வாங்கிக்கொண்டு உங்கள் இளமையைக் கொடுங்கள் என்று கேட்டான். மற்றவர்கள் மறுத்தார்கள், கடைசி மகன் பூரு கொடுத்தான். யயாதி நெடுங்காலம் அனுபவித்துவிட்டு, ஆசை தீரவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தான். அதிகாரத்தையும் நிலத்தையும் முடிவெடுக்கும் உரிமையையும் எழுபத்தைந்து வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது மகனைக் கைச்செலவுக்குக் கேட்க வைக்கும் வீடுகள் யயாதியின் வீடுகள். கட்சிகளிலும் யயாதிகள் உண்டு; பெயர் சொல்லத் தேவையில்லை.

செல்லியம்மன் இதற்கு நேரெதிர். இளமையைக் கேட்கவில்லை, இடத்தைக் கொடுத்தாள். ஆனால் நிபந்தனையோடு கொடுத்தாள். அந்த நிபந்தனையைக் கவனிக்காமல் கதையைத் தியாகக் கதையாக்கிவிடக் கூடாது. கிராமத்தில் பாசத்தில் நடக்கும் தவறு அதுதான். “எல்லாம் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டேன்” என்று தான செட்டில்மென்ட் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் மனுவோடு நிற்பது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இவர்களுக்காக வந்தது. கோட்டாட்சியரே தீர்ப்பாயத் தலைவர். பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் என்று எந்தக் கோட்டத்தில் இருந்தாலும் அந்த அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. 23ஆம் பிரிவு முக்கியமானது: தன்னைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சொன்னது. வழக்கு எப்படிப் போகும் என்ற கவலையே வேண்டாம் என்கிறவர்கள், பத்திரத்திலேயே அந்த ஒரு வரியை எழுதச் சொல்லிவிடலாம். மகன் முகம் சுளிப்பான் என்று பயம். செல்லியம்மனுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

இடம் விட்டபின் எங்கே போவது? வடமொழி மரபு வானப்பிரஸ்தம் என்றது: காட்டுக்குப் போ. தமிழ் மரபு அவ்வளவு சீக்கிரம் காட்டைக் காட்டவில்லை. தொல்காப்பியத்தின் கற்பியல், வயதான தம்பதி பிள்ளைகளும் சுற்றமும் சூழ இருந்தபடியே உயர்ந்ததைப் பயில்வதைப் பேசுகிறது. அப்பர் கதை இதைவிடத் தெளிவு. தள்ளாத வயதில் கயிலாயம் காணக் கிளம்பியவர், கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் நகர்ந்தார் என்கிறது பெரியபுராணம். கடைசியில் அவருக்குக் கிடைத்த உத்தரவு, திரும்பிப் போ என்பது. திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கிடைத்தது. கொள்ளிடத்தின் இந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி. அதுவும் அவர் பாடிய ஊர். அப்பர் கையில் எப்போதும் இருந்தது உழவாரம், கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. வயதில் எவ்வளவோ இளையவரான சம்பந்தர் வந்தபோது கூட்டத்தோடு கூட்டமாக அவர் பல்லக்கைத் தோளில் சுமந்தவரும் அவர்தான். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து குரல் கொடுத்தார். சுமக்கிறார் என்று தெரிந்ததும் சம்பந்தர் பதறி இறங்கிவிட்டார். மூத்தவர் தோள் கொடுத்தார், இளையவர் இறங்கினார். அந்தப் பதற்றம் இல்லாவிட்டால் இது வெறும் கூலி வேலை.

முதியவர்களின் உதவி என்று பேசும்போது இந்த எச்சரிக்கை அவசியம். ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறார்கள். மகனும் மருமகளும் வெளியூரில் வேலைக்குப் போக, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆட்டை ஓட்டிப்போய், மாலையில் அடுப்பு மூட்டுகிற அம்மாயிகளால்தான் இந்த ஊர்களில் பாதிக் குடும்பங்கள் நடக்கின்றன. நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 என்று கீழ்வரம்பு இருந்தது, மேல்வரம்பு இருக்கவில்லை. ஏரிக்கரையில் கூடை தூக்கியவர்களின் வயதைப் பார்த்தாலே அது புரிந்திருக்கும். இவர்களிடம் போய் ‘சமுதாயத்துக்கு இன்னும் என்ன செய்யப் போகிறீர்கள்’ என்று கேட்பது அநியாயம். உடம்பை வாங்குகிறோம், வாயை அடைக்கிறோம். கேட்க வேண்டியது அவர்களிடம் இருக்கும் வேறொன்றை.

ஔவையார் கதையில் அந்த வேறொன்று இருக்கிறது. கல்யாணப் பேச்சு நெருக்கியபோது பிள்ளையாரிடம் மூப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் என்பது கர்ணபரம்பரைக் கதை. உலகம் முழுக்க இளமையை வரமாகக் கேட்க, தமிழ்நாட்டில் ஒருத்தி கிழத்தனத்தை வரமாகக் கேட்டாள். வாங்கியதும் அவள் மூலையில் போய் உட்காரவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள், அரசனைத் திட்டினாள், கூழுக்குப் பாடினாள். யாரும் அவளை என்ன செய்ய முடியும்? இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் உண்மையைச் சொல்லலாம். முதுமையின் சலுகை அது. அதே சலுகை தீமைக்கும் பயன்படும். புறநானூற்றில் நரிவெரூஉத்தலையார் நரைத்த தலைகளைக் கூப்பிட்டு, நல்லது செய்ய இயலாவிட்டாலும் கெட்டதையாவது விட்டுத்தொலையுங்கள் என்கிற பொருளில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்த பிள்ளைகளுக்கு எதிராகக் கூடும் பஞ்சாயத்துகளில் முதல் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டு ஈராயிரம் வருஷம் பழையதாகத் தோன்றாது. எல்லா நரையும் ஞானமில்லை. ஆனால் நரைக்காதிருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன காரணங்களில் ஒன்று, தன் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்பது. நல்ல கிழவர்கள் இருக்கும் ஊரில் மற்றவர்களுக்கு நரை தள்ளிப்போகிறதாம்.

இதை ஆப்பிரிக்காவில் ஒருவர் கிட்டத்தட்ட நிரூபித்திருக்கிறார். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலை தொடங்கினார். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த நாடு. பாட்டிகளுக்குப் பேச்சுச் சிகிச்சையின் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்து, சுகாதார நிலையத்து வெளியில் மரபெஞ்சில் உட்காரவைத்தார். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லைப் பாட்டிகள் பயன்படுத்தவில்லை. ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்ற பொருள்வரும் தங்கள் ஷோனா மொழிச் சொல்லையே பயன்படுத்தினார்கள். இளம்பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஆய்வு முடிவு வந்தது: ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன; பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான்.

அந்தப் பெஞ்சு நமக்குத் தெரிந்ததுதான், பெயர் திண்ணை. காங்கிரீட் வீடு வந்தபோது முதலில் போனது அது. ‘அளவுக்கு மீறி யோசிக்கும்’ பிள்ளைகளும் இங்கே உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, கடன் வாங்கிப் போன வெளிநாட்டு வேலை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சாமி, முகம் வாடிக் கெடக்கு என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது, உட்காரத்தான் இடமில்லை. ஊராட்சி நினைத்தால் ஆரம்ப சுகாதார நிலைய வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு போடுவது பெரிய காரியமில்லை. சிமென்ட்டுக்குப் பேர்போன அரியலூரில் அதற்குப் பஞ்சமா? அக்டோபர் 1 உலக முதியோர் தினம். மறுநாள் காந்தி ஜெயந்தியன்று எல்லா ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. முதல் நாள் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொள்வதற்குப் பதில், மறுநாள் கூட்டத்தில் மைக்கை முதலில் அவர்களிடம் கொடுக்கலாம். ஏரிக்கு வரத்து வாய்க்கால் எங்கே போயிற்று, எந்தப் புறம்போக்கு எப்போது யார் கைக்குப் போனது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவேளை அதனால்தான் கொடுப்பதில்லையோ என்னவோ. செல்லியம்மன் கேட்ட முதல் மரியாதைக்கு இன்றைய பொருள் அந்த மைக்தான்.

இந்த மண்ணில் பெரியவர்களிடம் அப்படிக் கேட்டு வாங்கியதன் பலனை உலகம் அறியும். 1860களில் வேங்கடசுப்பையர் என்ற சங்கீத வித்துவான், அரியலூர் ஜமீன் ஆதரவில் குடும்பத்தோடு அங்கே வந்து வாழ்ந்தார். ஜமீன் நொடித்தபோது குடும்பம் குன்னம், கார்குடி என்று ஊர் ஊராக நகர்ந்தது. அவர் ராமாயணக் கதை சொல்வார், ஊரார் தானியம் கொடுப்பார்கள். பையனுக்குச் சங்கீதத்தைவிடத் தமிழ்மேல் பித்து. உயர்ந்த தமிழ் படிக்கப் பள்ளிக்கூடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு ஒரு பெரியவர் இருந்தார். அரியலூரில் சடகோபையங்கார். அவரிடம்தான் பையனுக்குத் தமிழ்ச்சுவை பிடித்தது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார். பெரம்பலூரை ஒட்டிய செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக்காரிகை சொல்லிக்கொடுத்தார். இவர்கள் கேட்டு வந்தவனுக்குத் தெரிந்ததைக் கொடுத்தார்கள்; தங்களிடம் இருந்தது தீர்ந்ததும், இன்னாரிடம் போ என்று வழிகாட்டினார்கள். பையன் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தான். சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது அவன் கையால். உ.வே.சாமிநாதையர்.

செங்கணம் ரெட்டியாரின் பெயர் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், 85 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு வாரப் பத்திரிகை போய், உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டதுதான். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 ஜனவரியில் தொடங்கியது. கண்ணும் காலும் தளர்ந்த வயதில் அவர் சொல்லச் சொல்ல, அரியலூரின் பெருமாள் கோயிலும் குன்னத்து அக்கிரகாரமும் எழுபது வருஷம் கழித்து எழுந்துவந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்குக் கார் எடுக்கிறவர்கள், திரும்பும் வழியில் அப்பாயியை இறக்கிவிட்டு உடனே கிளம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, உங்க காலத்துல இந்த ஊர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். எதையெல்லாம் செய்யாதே என்று சொல்வீர்கள் என்றும் கேளுங்கள். சாமிநாதையர் 1942 ஏப்ரல் 28இல் காலமானார். ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று. அதில் அவர் வந்துசேர்ந்திருந்தது ஏறத்தாழ 1900 வரைக்கும்தான்.